கப்பலூர் பட்டறைக்கு வந்த காயலாங்கடை ஸ்டியரிங் தண்டு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆடி முடிந்த கையோடு இரண்டு தம்பிகள் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். மதுரைப் பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறை என்னுடையது. லேத்து வேலை பாதி, வண்டி வேலை பாதி. சாக்குக்குள் ஒரு ஸ்டியரிங் தண்டு இருந்தது. வெளிக்குழாய், பேரிங், சாவிப் பூட்டு, மேல் தாங்கி, கீழே கிராஸ் ஜாயின்ட் (இரண்டு தண்டுகளைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு) என்று எல்லாம் சேர்ந்து முழு செட்டாக. காயலாங்கடையில் 1,200 ரூபாய்க்கு எடுத்ததாம்.

"அண்ணே, இதை எங்க வண்டியில மாட்டிக் குடுங்க. கீழ நீளம் பத்தல. நடுவுல வெட்டி வெல்டு வச்சாப் போதும்" என்றான் மூத்தவன்.

அரை நாள் வேலை என்று நினைத்து வந்தார்கள். முடிய ஐந்து வாரம் ஆனது. ஏன் அவ்வளவு நாள் ஆனது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. நம் பக்கம் இப்போது கல்லூரிப் பையன்கள், பண்ணை வைத்திருப்பவர்கள் என்று பலர் சொந்தமாக வண்டி கட்டுகிறார்கள். என்ஜினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். ஸ்டியரிங்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வண்டி நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டு பேர் உட்காரும், கதவில்லாத, தாழ்வான கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே கட்டும் வண்டி. சதுரக் குழாய் சேஸியும் ஃபைபர் உடலும் செட்டாக வெளியூரிலிருந்து வந்தவை. என்ஜினும் கியர்பாக்ஸும் மாருதி 800-இலிருந்து எடுத்து சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். முன்னால் உள்ள ஸ்டியரிங் ராக்கும் (சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த கம்பி) அதே வண்டியினுடையது. அந்த மாருதியை இவர்கள் வாங்கும்போதே அதன் ஸ்டியரிங் தண்டு இல்லை. அதனால்தான் வேறொரு சின்ன காரின் தண்டைத் தேடி எடுத்திருந்தார்கள்.

ஒன்றை முதலிலேயே பேசிக்கொண்டோம். இப்படிக் கட்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 126-ஆம் விதிப்படி, முன்மாதிரி வண்டியை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் காட்டித் தேறினால்தான் பதிவுக்கே வழி உண்டு. தம்பிகளுக்கு அது தெரிந்திருந்தது. திருமங்கலம் பக்கம் சித்தப்பாவின் தரிசு நிலத்தில் ஓட்டுவது, பிறகு ஒரு நாள் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்து கரி ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்ப்பது, இதுதான் அவர்கள் ஆசை. சரி, அப்படியானால் வேலையைப் பார்க்கலாம் என்றேன். தரிசில் ஓட்டினாலும் ஸ்டியரிங் கழன்றால் அடிபடுவது ஆள்தானே.

முதல் தண்டு

இந்தத் தண்டைச் சோதிப்பதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தம்பிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு ஒரே நீளக் கம்பி. முன்பக்கம் மோதினால் அந்தக் கம்பி ஈட்டி மாதிரி பின்னால் வந்து ஓட்டுநர் நெஞ்சில் ஏறும். எத்தனையோ சாவுகளுக்குப் பிறகுதான் மடங்கும் தண்டு வந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் அதைப் போட்டது. 1968 முதல் அங்கே சட்டமே வந்தது. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதினாலும் தண்டு 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னால் வரக் கூடாது என்பது அந்தக் கணக்கு.

மடங்குவது என்றால் வளைவது இல்லை, ஒன்றுக்குள் ஒன்று நுழைவது. தம்பிகள் கொண்டுவந்த தண்டில், உள்ளே ஓடும் தண்டு இரண்டு துண்டு. கீழ்த்துண்டு, இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவிய கம்பி. மேல்துண்டு, அதே வடிவத்தில் உட்குடைந்த குழாய். கம்பி குழாய்க்குள் நுழைந்து நிற்கும். சுற்றினால் தட்டைப் பக்கம் பிடித்துக்கொண்டு சேர்ந்து சுற்றும். நீளவாக்கில் நகராமல் இருக்க, குழாயில் சின்ன ஓட்டைகள் போட்டு அதன் வழியாக பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருப்பார்கள். அது உள்ளே இறுகி ஆணி மாதிரி நிற்கும். மோதலில் அந்த ஆணிகள் அறுந்து கம்பி உள்ளே போகும். வெளிக்குழாயும் இரண்டு துண்டுதான். அதுவும் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாக நுழையும், அந்த உரசலில்தான் மோதலின் வேகம் செரிக்கிறது. மேல் தாங்கியில் இரண்டு பக்கமும் அலுமினிய வில்லை ஒன்று உண்டு. போல்ட் அந்த வில்லை வழியாகத்தான் போகும். ஓட்டுநரின் உடம்பு ஸ்டியரிங்கை முன்னால் தள்ளும்போது வில்லை போல்ட்டோடு நின்றுவிட, தாங்கி மட்டும் வழுக்கி முன்னால் போய்விடும்.

தண்டை மேசைமேல் வைத்து டீசல் போட்டுத் துடைத்தோம். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது. கறுப்புப் பெயிண்ட் புதுசு. அந்தப் புதுப் பெயிண்ட்தான் எனக்கு உறுத்தியது. காயலாங்கடையில் ஏன் ஒருவன் மெனக்கெட்டு ஸ்டியரிங் தண்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்?

உள்தண்டின் மேல்துண்டில் நான்கு ஓட்டைகள். டார்ச் அடித்துப் பார்த்தால், இரண்டில் வெளிறிய பிளாஸ்டிக் பொட்டு மாதிரித் தெரிந்தது. மூன்றாவதில் பாதி. நான்காவது ஓட்டையில் ஊசியை விட்டால் உள்ளே போனது; ஊசி முனையில் வெள்ளைத் தூள் ஒட்டி வந்தது, சாக்பீஸ் பொடி மாதிரி. கீழ்த்துண்டில் பெயிண்ட்டைத் தின்னர் போட்டு எடுத்ததும், அடியில் நீளவாக்கில் பளபளப்பான கோடு ஒன்று வந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: 14 மில்லிமீட்டர். கம்பி அவ்வளவு தூரம் குழாய்க்குள் போயிருக்கிறது. பிறகு யாரோ இழுத்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

சின்னவனைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறு முனையை நான் பிடித்து எதிர்ப்பக்கமாகத் திருகினேன். டிக் என்று ஒரு சத்தம். இழுத்தால் 3 மில்லிமீட்டர் வெளியே வந்தது, தள்ளினால் உள்ளே போனது. அவன் கையிலேயே அது தெரிந்தது.

"சுத்தினா சுத்துதேண்ணே. அப்புறம் என்ன?"

நல்ல கேள்வி. மோதலுக்குப் பிறகும் வண்டியைத் திருப்ப முடிய வேண்டும் என்பதற்காகத்தான் தட்டைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். ஆணி அறுந்தாலும் அது சுற்றும். அதனாலேயே இந்தத் தண்டு ஆளை ஏமாற்றும். நீளத்தைப் பிடித்து வைக்கும் வேலை அந்த ஆணிகளுடையது, அது போய்விட்டது. ஸ்டியரிங் முன்னும் பின்னும் ஆடும், திருப்பும்போது கொஞ்சம் வெறுமனே சுற்றும், கீழ் ஜாயின்ட்டை ஒவ்வொரு குழியிலும் இழுத்துக்கொண்டே இருக்கும். அடுத்த மோதலில் செரிக்க வேண்டிய வேகத்தில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டது. ஒரு தடவை உரசிய தீக்குச்சி மாதிரி அது.

மேல் தாங்கியில் இடப்பக்க வில்லையே இல்லை. அந்த இடத்தில் கனமான வாஷர் ஒன்றை வைத்து இரண்டு பொட்டு வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் வழுக்கும், ஒரு பக்கம் வழுக்காது. அந்த மாதிரி தாங்கி மோதலில் கோணிக்கொண்டு சிக்கும். கடைசியாக லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே உள்தண்டைப் பிடித்து, சுற்றும்போது எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் டயல் கேஜ் வைத்தேன். நடுவில் 1.3 மில்லிமீட்டர் ஓட்டம் காட்டியது. தண்டு வளைந்தும் இருக்கிறது.

"இதை மாட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மூத்தவன் முகம் வாடிப்போனது. 1,200 ரூபாய் அவர்களுக்குப் பெரிய காசு. கடைக்காரர் காசைத் திருப்பித் தரவில்லை. அது கடைசி வரை எனக்கு வருத்தம்தான்.

இரண்டாவது தண்டு

இந்தத் தடவை நானே கூடப் போனேன். கழற்றி வைத்த தண்டு வேண்டாம், முழு வண்டியில் இருக்கும் தண்டுதான் வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வண்டியின் முன்பக்கம் அடிபட்டிருக்கக் கூடாது. பின்னால் இடி வாங்கி நொறுங்கிய ஒரு வண்டி கிடைத்தது. முன் பம்பர், ரேடியேட்டர் சட்டம், பானெட் கீல் எல்லாம் நேராக இருந்தன. ஓட்டுநர் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்த்தேன். கடுமையான மோதலில் ஆள் பாரம் வாங்கிய பெல்ட்டில், வளையத்தில் உரசிய இடம் உருகினாற்போலத் தெரியும். இதில் அது இல்லை.

கழற்றும்போதுதான் எத்தனையோ நல்ல தண்டுகள் கெடுகின்றன. ஸ்டியரிங் வீல் எளிதில் வராது. நட்டை நான்கு மரை மட்டும் விட்டுவைத்து, வீலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தண்டின் தலையில் சுத்தியலால் போடுவது நம் ஊர்ப் பழக்கம். வீல் வந்துவிடும். ஆனால் அந்த அடி நேராக பிளாஸ்டிக் ஆணிமேல் போய் விழும். மோதாத வண்டியிலும் ஆணி அறுந்துபோவது இப்படித்தான். கடைப் பையன் சுத்தியலை எடுத்துவிட்டான். நான் பையிலிருந்து, வீலை அடிக்காமல் திருகியே இழுத்தெடுக்கும் புல்லரை எடுத்தேன். "அண்ணே, ரெண்டே அடி, வந்துரும்" என்றான். "தம்பி, அந்த ரெண்டு அடிக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்" என்றேன். புல்லர் போட்டுக் கழற்ற பத்து நிமிடம் கூட ஆகவில்லை. தண்டை துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். நட்டுக்குத்தலாகக் கீழே போட்டாலும் அதே கதிதான்.

பட்டறையில் அதே சோதனைகள். நான்கு ஓட்டையிலும் பிளாஸ்டிக் முழுசு. இழுத்தாலும் தள்ளினாலும் அசைவில்லை. இரண்டு வில்லையும் தாங்கியோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல். டயல் கேஜ் 0.1 மில்லிமீட்டருக்குள். மேல் பேரிங் மட்டும் சொரசொரவென்று ஓடியது, மாற்றினோம். கீழ்ப் புஷ் நன்றாக இருந்தது.

சாவிப் பூட்டுதான் யோசிக்க வைத்தது. சாவியை எடுத்தால் ஒரு நாக்கு வெளியே வந்து தண்டின் பள்ளத்தில் விழுந்து ஸ்டியரிங்கைப் பூட்டும். சாவியைப் போட்டுத் திருப்பினால் நாக்கு உள்ளே போக வேண்டும். ஐம்பது தடவை போட்டு எடுத்துப் பார்த்தோம். நாற்பத்தேழு தடவை சரியாகப் போனது, மூன்று தடவை பாதியில் நின்றது. ஓடும் வண்டியில் ஒரு தடவை நின்றாலே முடிந்தது கதை. தலை முறித்து மாட்டிய போல்ட்டுகளைத் துளைத்தெடுத்து, பூட்டை முழுசாகவே கழற்றினோம். நாக்கை மட்டும் தேய்த்துவிட்டால் போதாதா என்று சின்னவன் கேட்டான். பாதி எடுத்த பூட்டு முழுப் பூட்டை விட மோசம். இக்னிஷனுக்கு டேஷ்போர்டில் தனி சுவிட்ச் வைத்தோம்.

கோணக் கணக்கு

இந்த வேலையில் என் மனசு முழுக்க நின்றது இங்கேதான், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கிட் காரில் ஆள் தாழ உட்காருவதால் ஸ்டியரிங் தண்டு படுத்து வரும். ராக்கை நகர்த்தும் சின்னப் பல்சக்கரமான பினியனோ கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே இடைத்தண்டு ஒன்று, அதன் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட். தண்டை தம்பிகள் முதலில் குறித்து வைத்திருந்த இடத்தில் கயிறு கட்டிப் பிடித்து, கோணமானி வைத்துப் பார்த்தோம். மேல் ஜாயின்ட் 38 பாகை, கீழ் ஜாயின்ட் 12 பாகை.

கிராஸ் ஜாயின்ட் வளைந்து ஓடும்போது சீராகச் சுற்றாது. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும், மறு பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தி, இரண்டு தடவை பிந்தி வரும். 38 பாகையில் அது 0.79 மடங்கிலிருந்து 1.27 மடங்கு வரை போகிறது. ஓட்டுபவர் கையில் இது ஒரு இடத்தில் கனமாகவும் ஒரு இடத்தில் சட்டென்று இலகுவாகவும் தெரியும். வளைவில் பாதி திருப்பிய நேரத்தில் ஸ்டியரிங் திடீரென்று கூர்மையானால் பழகாத ஆள் தடுமாறுவார். இரண்டு ஜாயின்ட்டும் ஒரே அளவு வளைந்து, சரியான நிலையில் மாட்டியிருந்தால், ஒன்று முந்துவதை மற்றது பிந்தி ஈடுகட்டிவிடும்.

இங்கே மொத்த வளைவு 50 பாகை. தண்டின் சாய்வும் பினியனின் சாய்வும் மாறாதவரை அந்த 50 மாறாது. இரண்டு ஜாயின்ட்டுக்கும் அதை எப்படிப் பங்கிடுவது என்பது மட்டும்தான் நம் கையில். தண்டை அதே சாய்வில் 33 மில்லிமீட்டர் கீழேயும் 43 மில்லிமீட்டர் பின்னாலும் நகர்த்தினால் பங்கு 26, 24 என்று வந்தது. மீதி ஏற்ற இறக்கம் 2 சதவீதத்துக்குள் அடங்கியது. அதற்காக சீட்டை ஒரு ஓட்டை பின்னால் தள்ளவேண்டி வந்தது. ஸ்டியரிங் தொடையில் இடிக்காமல் இருக்க, சின்ன வீல் ஒன்று போட்டோம். மூத்தவன் நல்ல உயரம். அவனை உட்கார வைத்து, ஷூ போட்டு, மூன்று பெடலையும் மிதிக்கச் சொல்லி, கால் இடைத்தண்டில் உரசுகிறதா என்று பார்த்த பிறகுதான் இடத்தைக் குறித்தோம்.

இடைத்தண்டின் இரண்டு முனைக் கவையும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் இரட்டைக் காது) ஒரே தளத்தில் இருக்க வேண்டும் என்பது அடுத்த விஷயம். தண்டின் முனையைச் சுற்றி நீளவாக்கில் வெட்டிய பல்லில்தான் ஜாயின்ட் மாட்டும்; 36 பல் உள்ள முனையில் ஒரு பல் தள்ளி மாட்டினால் 10 பாகை தப்பிவிடும். கோணத்தை எவ்வளவு அழகாகப் பங்கிட்டாலும் அப்போது பிரயோசனம் இல்லை. தட்டையான மேசையில் இரண்டு கவையையும் படுக்க வைத்தால், இரண்டும் ஒட்டி உட்கார வேண்டும். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

வெட்டி ஒட்டாத இடைத்தண்டு

பழைய இடைத்தண்டு ஜாயின்ட் மையத்திலிருந்து மையம் 190 மில்லிமீட்டர். எங்களுக்கு வேண்டியது 260. பினியன் பக்கப் பல்லும் தண்டு பக்கப் பல்லும் வேறு வேறு கணக்கு. வெட்டி நடுவில் குழாய் வைத்து வெல்டு செய்யலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், என் பட்டறை வெல்டர் உட்பட. அவர் கை சுத்தமான கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த மாதிரி தண்டுகள் கார்பன் கூடின எஃகு. வெல்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் சூடு ஏறி இறங்கிய வளையம் ஒன்று கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். மேலே கிரைண்டர் ஓட்டிப் பெயிண்ட் அடித்தால் எதுவும் தெரியாது. முறியும்போது வெல்டு முறியாது, அதன் ஓரத்தில் முறியும். முன்னறிவிப்பே இருக்காது.

அதனால் ஈஎன் 19 என்ற உறுதியான எஃகுக் கம்பி வாங்கி லேத்தில் கடைந்தேன். கே. புதூர் சிட்கோவில் கியர் வெட்டும் பட்டறையில் இரண்டு முனையிலும் பல் போட்டு வாங்கினோம். எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். முனைகளில் போல்ட்டுக்கான குறுக்குப் பள்ளம் எடுத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாயின்ட்டை இறுக்கும் போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போவதால், போல்ட் தளர்ந்தாலும் ஜாயின்ட் தண்டைவிட்டு வழுக்கி வர முடியாது. பள்ளம் இல்லாத தண்டில் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

பல் வெட்டி வந்ததும் டிபி டெஸ்ட் செய்தோம். சிவப்புத் திரவம் அடித்து, கொஞ்சம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிப்பது. விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். கால் மணி நேரம் தம்பிகள் இரண்டு பேரும் கண் எடுக்காமல் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வரவில்லை. பழைய கிராஸ் ஜாயின்ட்டுகளையும் அதே மாதிரி பார்த்தோம். பினியன் பக்க ஜாயின்ட்டில் ஊசி பேரிங் ஒரு திசையில் இறுகியிருந்தது. புது ஜாயின்ட் போட்டோம்.

மாட்டியதும் ஓட்டியதும்

மேல் தாங்கியைப் பிடிக்க கிட்டில் வந்த குறுக்குக் குழாய் 25 மில்லிமீட்டர் சதுரம், மெல்லிசு. கதவில்லாத வண்டியில் ஏறி இறங்கும் ஆள் ஸ்டியரிங் வீலைப் பிடித்துத்தான் எழுவார். முழு உடம்புப் பாரமும் அங்கே தொங்கும். சோதனைக்கு வீலில் 40 கிலோ சிமென்ட் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் வீல் 6 மில்லிமீட்டர் இறங்கியது. 38 மில்லிமீட்டர் வட்டக் குழாயாக மாற்றி, மூலைகளில் முட்டுக் கொடுக்கும் கஸெட் தகடு வைத்த பிறகு 1 மில்லிமீட்டருக்குள் வந்தது. இங்கே என் வெல்டர்தான் வேலை செய்தார். சேஸி குழாய்க்கு வெல்டிங் சரி, ஸ்டியரிங் தண்டுக்கு வேண்டாம் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார்.

போல்ட்டுகள் எல்லாம் புதுசு. எம்8, 8.8 தரம், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் 25 நியூட்டன் மீட்டர். இறுக்கியதும் நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தோம். நட்டு அசைந்தால் கோடு உடையும்.

முன் சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தகடு, நடுவில் கிரீஸ். அதன் மேல் வண்டியை நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினோம். ஜாயின்ட் எங்கேயும் முட்டாமல், ராக்கின் முடிவுதான் திருப்பத்தை நிறுத்தியது. ஸ்பிரிங் தராசை வீல் விளிம்பில் கட்டி இழுத்தால் சுற்று முழுக்க ஒரே மாதிரி காட்டியது. எனக்கு அதைப் பார்த்துத்தான் நிம்மதி வந்தது.

திருமங்கலம் தரிசில் முதல் ஓட்டம் சின்னவன்தான். உழுது காய்ந்த மேட்டில் முதல் கியரில், பிறகு இரண்டாவதில். இறங்கி வந்து, "அண்ணே, கையில ஒண்ணுமே தெரியல" என்றான். வேறு எதுவும் அவன் சொல்லியிருக்கத் தேவையில்லை. 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு வண்டியைப் பட்டறைக்கு மினிலாரியில் கொண்டுவந்து எல்லாக் கோட்டையும் பார்த்தோம். மேல் தாங்கியில் வலப்பக்க நட்டின் கோடு மட்டும் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது. புதுப் பெயிண்ட் போல்ட் தலைக்கு அடியில் நசுங்கியதால் வந்த தளர்வு. சுரண்டி, மறுபடி இறுக்கி, புதுக் கோடு இழுத்தோம். அடுத்த 100 கிலோமீட்டரில் அது நகரவில்லை.

முதல் தண்டு என்னிடமே இருக்கிறது. மறுபடி யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று தம்பிகளிடம் கேட்டு வாங்கி, நீளவாக்கில் பாதியாக அறுத்தேன். அறுந்த ஆணியும் அந்தத் தூளும் உள்ளே அப்படியே தெரிகின்றன. பட்டறைச் சுவரில் டார்க் ரெஞ்சுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.